தாஷ்கண்டில் விழுந்த கோல்

திண்டிவனத்தில் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர் ஒருவரிடம் பழைய மதிப்பெண் பதிவேடு ஒன்று இருக்கிறது. கெட்டி அட்டை, சிவப்புத் துணி முதுகு. உள்ளே மதிப்பெண் ஒன்றுகூடக் கிடையாது. வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து அவர் வெட்டி ஒட்டிவந்த கால்பந்துச் செய்திகள்தான் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பழைய தென்னார்க்காட்டின் கால்பந்து வரலாற்றைத் தொகுத்துவருகிறேன் என்பதால், இப்படி ஒரு பதிவேடு இருப்பதாகக் கேள்விப்பட்டதும் போய்ப் பார்த்தேன். கடைசிப் பக்கங்களில் இரண்டு விரல் உயரமே உள்ள ஒரு துணுக்கு. அதன் பக்கத்தில் நீல மையில் மாஸ்டர் எழுதியிருந்தார்: "கோல் நம்ம ஜில்லா பொண்ணு."

துணுக்கின் மேல்வரி கத்திரியில் போயிருந்தது. ஆட்டம் நடந்த ஊர் தாஷ்கண்ட், ஆடியது இந்தியப் பெண்கள் அணி, முடிவு 1–3 தோல்வி என்பது மட்டும் தெரிந்தது. எதிரணியின் பெயர் வெட்டுப்பட்ட வரியோடு போய்விட்டது. தேதி இல்லை. அந்த ஒற்றைக் கோலை அடித்தவர் யார் என்று செய்தி எழுதியவரே சொல்லவில்லை.

"தாஷ்கண்டுல உஸ்பெகிஸ்தான்காரங்கள எதிர்த்து நம்ம பொண்ணு ஒண்ணு கோல் போட்டுச்சு தம்பி," என்றார் மாஸ்டர். "அப்புறம் என்ன தகராறோ, டீமை ஆட விடாம திருப்பி அனுப்பிட்டாங்க. பாவம், அவ்ளோ தூரம் போய்ட்டு."

"எந்த வருஷம் மாஸ்டர்?"

"கொரோனா ஓஞ்ச சமயம். பேரு நாக்கு நுனியில நிக்குது, வர மாட்டேங்குது."

தாஷ்கண்ட் என்றால் நம் ஊரில் நடுவயது தாண்டியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது லால் பகதூர் சாஸ்திரி. 1966 ஜனவரி 10 அன்று அங்கே பாகிஸ்தானுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார், விடிவதற்குள் இறந்துபோனார். அதற்கு அடுத்து 'சோவியத் நாடு' இதழ். அதன் வழவழப்பான தாள்களைப் பள்ளி நோட்டுகளுக்கு அட்டையாகப் போட்டுக்கொண்ட தலைமுறை ஒன்று விழுப்புரம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அந்தத் தாஷ்கண்டில் நம் மண்ணின் பெண் ஒருவர் கோல் போட்டார் என்றால், அது யார், எப்போது, யாருக்கு எதிராக என்பது மூன்றும் சந்தேகமில்லாமல் பதிவாக வேண்டும். மாஸ்டர் சொன்னது உண்மையென்றே எனக்குப் பட்டது. ஆனால் அவர் சொன்னதில் ஒன்றுக்கு மேற்பட்ட சம்பவங்கள் கலந்திருப்பதாகவும் பட்டது. கோல் போட்ட அணியை ஆட விடாமல் திருப்பி அனுப்ப முடியாதல்லவா?

ஆகவே அவர் வாக்குமூலத்தை இழை இழையாகப் பிரித்தேன்.

முதல் இழை, உஸ்பெகிஸ்தான். 2021 ஏப்ரலில் இந்தியப் பெண்கள் அணி தாஷ்கண்ட் சென்று இரண்டு நட்பு ஆட்டங்கள் ஆடியது. ஏப்ரல் 5 அன்று உஸ்பெகிஸ்தானிடம் 0–1, ஏப்ரல் 8 அன்று பெலாரஸிடம் 1–2. உஸ்பெகிஸ்தானுக்கு எதிராகக் கோலே விழவில்லை. பெலாரஸுக்கு எதிரான ஒரு கோலும் தமிழ்நாட்டுக்காரர் அடித்ததல்ல. 1–3 என்ற கணக்கும் இரண்டில் எதற்கும் பொருந்தவில்லை. 2021 கழிந்தது.

இரண்டாவது இழை, ஆட விடாமல் திருப்பி அனுப்பியது. இது பொய்யில்லை, நடந்ததுதான். விழுப்புரம் மாவட்ட மைய நூலகத்தில் 2022 ஆகஸ்டு மாத நாளிதழ்களைப் புரட்டினால் நாள்தோறும் இந்தச் செய்திதான். 2022 ஆகஸ்டு 15 அன்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. கூட்டமைப்பின் நிர்வாகத்தில் வெளியார் தலையிடுகிறார்கள் என்பது காரணம். அந்த ஆண்டு அக்டோபரில் இந்தியாவில் நடக்கவேண்டிய 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையே கைநழுவும் நிலை. அதே நேரத்தில் கோகுலம் கேரளா பெண்கள் அணி ஆசிய கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்டில் போய் இறங்கியிருந்தது. அங்கிருந்து கார்ஷி நகருக்குப் போய் உஸ்பெகிஸ்தானின் சொக்தியானா அணியோடும் ஈரானின் பாம் காத்தூன் அணியோடும் ஆடவேண்டும். விமானத்தை விட்டு இறங்கிய பெண்களுக்கு, நீங்கள் ஆட முடியாது என்ற செய்தி காத்திருந்தது. ஆகஸ்டு 26 அன்று தடை நீங்கியபோது போட்டி கைவிட்டுப் போயிருந்தது. பயிற்சி எடுத்து, சீட்டு வாங்கி, நாடு கடந்து போன விளையாட்டு வீராங்கனைகளுக்கு நிர்வாகிகளின் சண்டையால் நேர்ந்த இந்த அநியாயத்தை இன்று படித்தாலும் மனம் ஆறவில்லை. மாஸ்டரின் "பாவம்" இந்தப் பெண்களுக்கானது. ஆனால் இதில் கோல் இல்லை, ஆட்டமே இல்லை.

முந்தைய ஆண்டு அதே கோகுலம் உஸ்பெகிஸ்தான் அணி ஒன்றை வென்றிருக்கிறது. 2021 நவம்பரில், புன்யோத்கோர் கிளப்பை 3–1 என்ற கணக்கில். அதே 1–3தான், ஆனால் திருப்பிப் போட்ட 1–3. நடந்ததும் ஜோர்டானின் அக்காபாவில். அதையும் ஒதுக்கிவைத்தேன்.

மூன்றாவது இழைதான் "நம்ம ஜில்லா". இன்றைய விழுப்புரம் மாவட்டத்துக்குள் மட்டும் தேடினால் இந்தக் கேள்விக்கு விடை இல்லை. மாஸ்டர் வேலையில் சேர்ந்த காலத்தில் திண்டிவனமும் சிதம்பரமும் ஒரே மாவட்டம், தென்னார்க்காடு. 1993 செப்டம்பர் 30 அன்றுதான் விழுப்புரம் தனியாகப் பிரிந்தது, மிச்சம் கடலூரானது. மாஸ்டரின் தலைமுறைக்கு அந்தக் கோடு மனதில் இன்னும் விழவில்லை. அவருடைய மாணவர்கள் ஜில்லா போட்டிக்கு ஓடியது கடலூருக்குத்தான்.

எல்லையைக் கடலூர் வரை விரித்ததும் இரண்டு பெயர்கள் நேராக முன்னால் வந்து நின்றன. ஒருவர் கடலூரின் இந்துமதி கதிரேசன். இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரர், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர், கொரோனா ஊரடங்கின்போது சென்னை அண்ணாநகரில் சீருடையோடு பணியில் நின்றவர். இன்னொருவர் பண்ருட்டியின் சந்தியா ரங்கநாதன், முன்கள ஆட்டக்காரர். பண்ருட்டி விழுப்புரத்துக்குக் கூப்பிடு தூரம். விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ஐந்து திசைக்குப் பிரியும் ரயில் பாதைகளில் மயிலாடுதுறைக்குப் போகும் பாதையில் இருக்கிறது.

இருவரில் யார்? அதற்கு ஆட்டத்தின் தேதி தெரிந்தாக வேண்டும். செய்தித் துணுக்குக்கு எப்போதும் இன்னொரு பக்கம் உண்டு. மாஸ்டரிடம் அனுமதி கேட்டேன். யோசித்தார். பிறகு அவரே உள்ளே போய் ஈரத்துணி ஒன்றைப் பிழிந்து கொண்டுவந்தார். ஒட்டியது மைதா பசை. ஈரத்துணியைத் துணுக்கின் மேல் வைத்து, கொஞ்ச நேரம் விட்டு, ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினால் தாள் கிழியாமல் எழும்பும். பழைய திருமண ஆல்பங்களிலிருந்து புகைப்படம் எடுக்க இப்படித்தான் செய்வார்கள். பாதித் துணுக்கு எழும்பியதும் பின்பக்கம் தெரிந்தது. பசை தின்றது போக மிஞ்சிய எழுத்துகளில் "லக்னோ" என்ற சொல்லும் "129" என்ற எண்ணும் தெளிவாக இருந்தன.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது போதும். 2023 அக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை, ஒருநாள் உலகக் கோப்பை. லக்னோவில் இந்தியா 229 ரன் எடுத்து, இங்கிலாந்தை 129 ரன்னில் சுருட்டியது. ரோகித் சர்மா 87, முகமது ஷமி 4 விக்கெட். சரியாக நூறு ரன் வித்தியாசத்தில் வெற்றி. துணுக்கு வந்தது மறுநாள் திங்கட்கிழமை நாளிதழில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாஷ்கண்டில் என்ன நடந்தது என்பது ஆசியக் கால்பந்து ஆவணங்களில் ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. பாரிஸ் ஒலிம்பிக்கிற்கான ஆசியத் தகுதிச்சுற்றின் இரண்டாம் கட்டம் அங்கே நடந்துகொண்டிருந்தது. இந்தியாவின் பிரிவில் ஜப்பான், வியட்நாம், போட்டியை நடத்திய உஸ்பெகிஸ்தான். அக்டோபர் 26 அன்று ஜப்பானிடம் 0–7. அக்டோபர் 29 அன்று வியட்நாமிடம் 1–3. நவம்பர் 1 அன்று உஸ்பெகிஸ்தானிடம் 0–3. வியட்நாமுக்கு எதிரான அந்த ஒரு கோலுக்கு நேராக எழுதியிருக்கும் பெயர் சந்தியா ரங்கநாதன்.

கணக்கைக் கூட்டிப் பார்த்தால் கோலின் எடை தெரியும். மூன்று ஆட்டங்களில் இந்தியா வாங்கியது 13 கோல், போட்டது ஒன்று. அந்தச் சுற்று முழுவதற்கும் இந்தியாவின் பெயரில் நிற்கும் ஒரே கோல் பண்ருட்டிப் பெண்ணுடையது. மாஸ்டரின் கத்திரி வியட்நாமை வெட்டிவிட்டது. ஊர் தாஷ்கண்ட் என்பதால் எதிரணியும் அந்த ஊரார் என்று அவர் மனம் இட்டு நிரப்பிக்கொண்டது. முந்தைய ஆண்டின் கோகுலம் சோகமும் அதே ஊரில் நடந்ததால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் முக்கியமான விஷயத்தில் அவர் பிசகவே இல்லை. கோல் அவர் ஜில்லாவினுடையதுதான்.

அந்தத் திங்கட்கிழமை நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். லக்னோ வெற்றி பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அதில் எனக்குப் புகார் இல்லை, அது பெரிய வெற்றி. என் வருத்தம் வேறு. இருந்த அந்த இரண்டு விரல் இடத்திலாவது கோல் போட்டவர் பெயரைச் சேர்க்கத் தமிழில் இரண்டே சொல் போதும். "பண்ருட்டியைச் சேர்ந்த" என்று இன்னும் இரண்டு சேர்த்திருந்தால், அன்று காலை பண்ருட்டி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பேப்பர் படித்த யாராவது ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். உள்ளூர்ப் பெயரை விட்டுவிட்டு ஸ்கோரை மட்டும் அச்சடிக்கும் பழக்கத்தால்தான் நம் மாவட்டங்களின் விளையாட்டு வரலாறு ஓய்வுபெற்ற மாஸ்டர்களின் பதிவேடுகளை நம்பி உயிர்வாழ்கிறது.

பெயர் எழுதும் முறையும் ஆய்வாளனைச் சுற்றவிடும். தமிழ் நாளிதழில் அவர் ஆர். சந்தியா. இந்திய அணிப் பட்டியலில் சந்தியா ரங்கநாதன். குடும்பப் பெயரை முதலில் போடும் வெளிநாட்டுப் பட்டியல்களில் ரங்கநாதன் முன்னால் வந்து நிற்கும். கோலும் அந்தப் பெயரில் ஏறும். இந்துமதி அங்கே கதிரேசன் ஆகிவிடுவார். நம் பெண்களின் கோல்களைத் தேடுகிறவர்கள் அப்பாக்களின் பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும். அப்படித் தேடியபோதுதான் மாஸ்டருக்கும் தெரியாத இன்னொரு ஆட்டம் கிடைத்தது.

தாஷ்கண்டுக்கு ஆறு மாதம் முன்பு, இதே தகுதிச்சுற்றின் முதல் கட்டம். கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக். பிரிவில் இந்தியாவோடு கிர்கிஸ்தானும் துர்க்மெனிஸ்தானும் இருந்தன. துர்க்மெனிஸ்தான் விலகிக்கொண்டதால் இந்தியாவும் கிர்கிஸ்தானும் மட்டும் இரண்டு முறை மோதின. ஸ்வீடன் நாட்டுப் பயிற்சியாளர் தாமஸ் டென்னர்பியின் அணி 2023 ஏப்ரல் 4 அன்று 5–0 என்று வென்றது. ஏப்ரல் 7 அன்று 4–0. அந்த இரண்டாவது ஆட்டத்தில் சந்தியாவுக்கு இரண்டு கோல். மத்திய ஆசிய அணி ஒன்றை, அதன் சொந்த மண்ணிலேயே வீழ்த்திய கோல்கள் இவை. உஸ்பெகிஸ்தானை எதிர்த்து என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டிருந்த காரியம், பக்கத்து நாட்டில் உண்மையாகவே நடந்திருக்கிறது. ஏப்ரல் 7 அந்த ஆண்டு புனித வெள்ளி. அதே வாரம் 3ஆம் தேதி சென்னை சூப்பர் கிங்ஸ் நான்கு ஆண்டுக்குப் பிறகு சேப்பாக்கத்துக்குத் திரும்பி லக்னோவை 12 ரன்னில் வென்றிருந்தது. தமிழ்நாடு எதைப் பேசிக்கொண்டிருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கோல்கள் பண்ருட்டியிலிருந்து எப்படிப் புறப்பட்டன என்பதற்கு 2004 டிசம்பர் 26க்குப் போக வேண்டும். சுனாமி கடலூர்க் கரையையும், திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் கரையையும் சேர்த்தே அடித்தது. அதன் பிறகு கடலூரில் அரசு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கு எஸ். மாரியப்பன் என்ற பயிற்சியாளர் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். அந்த முயற்சியிலிருந்து வளர்ந்தது இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி. கடலூரின் இந்த அகாடமி 2017–18 பருவத்தில் இந்தியப் பெண்கள் லீக்கில் தன் பெயரிலேயே ஆடியது. மாநகரத்துக் கிளப்புகளும் பணமுள்ள நிறுவனங்களும் ஆடும் லீக் அது. சந்தியா இந்தப் பள்ளியில் உருவானவர். அதே பருவத்தில், 2018 பிப்ரவரியில், கட்டாக்கில் நடந்த தேசிய சீனியர் சாம்பியன்ஷிப்பில் தமிழ்நாடு இறுதியாட்டத்தில் மணிப்பூரை 2–1 என்று வென்று முதல்முறையாகப் பட்டம் எடுத்தது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை இறுதியாட்டத்தில் சாய்ப்பது என்ன பாடு என்று ஆடியவர்களைக் கேட்டால் தெரியும். பட்டத்தை ஏறக்குறையத் தங்கள் வீட்டுச் சொத்தாக வைத்திருந்த மாநிலம் அது.

இனி எதிர்ப்பக்கம். தாஷ்கண்டில் ஒரு கோல் என்பதை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்று விழுப்புரத்து நண்பர் ஒருவர் கேட்டார். அந்த ஊருக்குக் கால்பந்து என்ன என்று தெரிந்தால் கேட்கமாட்டார்.

1956இல் தாஷ்கண்டில் பக்தாகோர் கிளப் தொடங்கியது. பருத்தி விளைவிக்கிறவர்களின் அணி. அன்று அந்த நாட்டின் வயல்களை நிறைத்திருந்தது பருத்திதான். 1968இல் அது சோவியத் கோப்பையின் இறுதியாட்டம் வரை போய், மாஸ்கோவின் டார்ப்பிடோ அணியிடம் ஒரே கோலில் தோற்றது. 1979 ஆகஸ்டு 11 அன்று மின்ஸ்க் நகரில் ஆடுவதற்காகப் பக்தாகோர் அணியினர் ஏறிய விமானம் உக்ரைன் வானத்தில் இன்னொரு பயணி விமானத்தோடு மோதியது. இரண்டிலும் இருந்த 178 பேரும் இறந்தார்கள். அவர்களில் 17 பேர் பக்தாகோரின் ஆட்டக்காரர்களும் அணியைச் சேர்ந்தவர்களும். சோவியத் நாட்டின் மற்ற கிளப்புகள் தங்கள் ஆட்களை அனுப்பிப் பக்தாகோரைத் தூக்கி நிறுத்தின. மூன்று ஆண்டுகளுக்கு அதை முதல் நிலையிலிருந்து இறக்குவதில்லை என்று லீக் முடிவு செய்தது. ஊரே அழுது, ஊரே மீண்டும் கட்டிய கிளப் அது.

சுதந்திர நாடாகி மூன்றே ஆண்டில், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில், உஸ்பெகிஸ்தான் இறுதியாட்டத்தில் சீனாவை 4–2 என்று வென்று தங்கம் எடுத்தது. 2023இல் ஆசிய 20 வயதுக்குட்பட்டோர் கோப்பையைச் சொந்த ஊரிலேயே வென்றது. 2025 ஜூன் 5 அன்று அபுதாபியில் ஐக்கிய அரபு அமீரகத்தோடு 0–0 என்று சமன் செய்து 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. மத்திய ஆசியாவிலிருந்து உலகக் கோப்பைக்குப் போகும் முதல் நாடு. சிறுவர் அணிகளில் தொடங்கி வருஷக்கணக்கில் போட்ட உழைப்பின் பலன் அது.

இந்திய ஆண்கள் அணிக்கும் அந்தப் பக்கத்தோடு கணக்கு உண்டு. மாஸ்டரின் பதிவேட்டில் அதற்கு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. 2008 ஆகஸ்டு 13, டெல்லி அம்பேத்கர் மைதானம், ஏஎஃப்சி சேலஞ்ச் கோப்பை இறுதி. சுனில் சேத்ரி மூன்று, பைச்சுங் பூட்டியா ஒன்று, தஜிகிஸ்தான் 1–4 என்று தோற்றது. 2011 ஆசியக் கோப்பைக்கான வாசலைத் திறந்தது அந்த வெற்றி. சேத்ரியின் படம் பதிவேட்டில் கால்பக்கம். சந்தியாவின் படம் எந்தப் பக்கத்திலும் இல்லை. அன்று அச்சாகியிருந்தால் மாஸ்டர் வெட்டாமல் விட்டிருக்கமாட்டார்.

விவரங்களை அவரிடம் சொன்னபோது வியட்நாம் என்றதும் ஒரு கணம் முகம் சுருங்கியது. பிஷ்கெக்கில் இரண்டு கோல் என்றதும் எழுந்து மூக்குக்கண்ணாடியைத் தேடப் போய்விட்டார். "சந்தியா! அதான் பேரு, சந்தியா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இந்தியப் பெண்கள் 2024 கோடையிலும் தாஷ்கண்ட் போய் ஆடிவிட்டு வந்தார்கள். 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை 2–1 என்று வென்று 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதியும் பெற்றார்கள். அதில் அவர்களுக்கு வாய்த்த பிரிவில் மீண்டும் ஜப்பான், மீண்டும் வியட்நாம்.

என் தொகுப்பில் பண்ருட்டி என்ற தலைப்பின் கீழ் இப்போது உள்ள பதிவு இது: சந்தியா ரங்கநாதன் (ஆர். சந்தியா). 7-4-2023, பிஷ்கெக், கிர்கிஸ்தானுக்கு எதிராக, 2 கோல், இந்தியா 4–0. 29-10-2023, தாஷ்கண்ட், வியட்நாமுக்கு எதிராக, 1 கோல், இந்தியா 1–3. அடுத்த தலைப்பு கடலூர். இந்துமதி கதிரேசனின் ஆட்டங்களைக் கட்டாக் இறுதியாட்டத்திலிருந்து தொடங்கி எழுதிக்கொண்டிருக்கிறேன்.